நெருப்புக் கொப்பரையும் இரும்பான கூத்தையனும்

உக்காருங்க, உக்காருங்க. முன்னாடி இருக்கிறவங்க காலை மடக்கிக்கோங்க, பின்னாடி இருக்கிறவங்களுக்கும் கதை வேணும்ல. காலையில இருந்து கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நடுவுல "அப்புறம், அப்புறம்"னு பிடுங்காதீங்க. அப்புறம் தானா வரும்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, மலைங்க எல்லாம் இன்னும் தன் தன் இடத்துல சரியா வந்து உக்காராத காலத்துல, அனலூர்னு ஒரு ராஜ்ஜியம் இருந்துச்சு. ராஜா பேரு மகிபாலன். கெட்டவன் இல்ல, ஆனா ஒரு கிறுக்கு உண்டு. யாராவது சும்மா இருந்தா அவனுக்குப் பொறுக்காது. சாயங்காலம் ஆனாப் போதும், மாடத்துல நின்னு புலம்புவான். "இந்தச் சூரியன் மட்டும் மறையாம இருந்தா என் ஜனங்க இன்னும் எவ்வளவு வேலை பார்ப்பாங்க." ராணிக்கே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு.

அந்தப் புலம்பல் யார் காதுல விழக் கூடாதோ அவன் காதுல போய் விழுந்துச்சு. கரிமுகன்னு ஒரு மந்திரவாதி. ஊருக்கு மேல இருக்கிற மொட்டைப் பாறையில நெருப்புக் குழி வெட்டி, அந்த நெருப்புலதான் தன் மந்திரத்தையெல்லாம் வச்சிருந்தான். நெருப்பு எரியிற வரைக்கும் அவனை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அவன் ராஜாகிட்ட வந்து, "மகாராஜா, மறையவே மறையாத சூரியன் ஒண்ணை நான் வார்த்துத் தர்றேன்"னான். ராஜாவுக்கு வாயெல்லாம் பல்லு.

சூரியனை வார்க்கணும்னா சும்மாவா? வீடு அளவுக்கு ஒரு கொப்பரை. அதுக்குள்ள தளதளன்னு உருகின உலோகம். குழிக்கு மேல ரெண்டு கல்தூண், குறுக்க ஒரு கல் உத்தரம். அந்த உத்தரத்துல சங்கிலி கட்டி, கொப்பரையை நெருப்புக்கு மேல ஆள் உயரத்துல தொங்கவிடணும். விடாம தொங்கணும். விழுந்துச்சோ, உள்ள இருக்கிறது அத்தனையும் தெறிச்சுச் சரிவுல ஓடி ஊரையே பொசுக்கிடும்.

ஆனா எந்தச் சங்கிலியும் நிக்கல. இரும்பைச் சில்லுன்னு வச்சுக்கிட்டு எவ்வளவு பாரத்தை வேணா தொங்கவிடுங்க, நிக்கும். அதையே நெருப்புல காட்டிக்கிட்டு பாரத்தையும் தொங்கவிட்டா, ஒரேயடியா அறுந்து போகாது. மெதுவா நீளும். இன்னைக்கு மயிரிழை, நாளைக்கு ஒரு மயிரிழை. பார்க்கிறவங்க கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. நீள நீள ஏதோ ஒரு இடத்துல இடுப்பு மெலியும், மெலிஞ்ச இடம் ஒருநாள் பட்டுன்னு போகும். கரிமுகன் சங்கிலி மேல சங்கிலியா மாத்திப் பார்த்து அலுத்துப் போயிட்டான்.

"சங்கிலிக்கு ஏது பொறுப்பு? பொறுப்புன்னா அது மனுஷனுக்குத்தான் இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டு, ஆள் தேட ஊருக்குள்ள இறங்கினான்.

அந்த ஊர்ல கூத்தையன்னு ஒரு சுமைகாரன். எடுத்த மூட்டையைப் பாதி வழியில கீழ வச்சதா சரித்திரமே கிடையாது. அவன் பெண்டாட்டி அங்காயி, கன்னார் வீட்டுப் பொண்ணு. செம்பைத் தட்டித் தட்டிக் குடம், சொம்பு, அண்டா எல்லாம் பண்ணுவா. ரெண்டு பேரும் நாள் முழுக்க உழைச்சிட்டு வந்து, சோத்தைத் தின்னுட்டு, பேசக்கூட நேரமில்லாம தூங்கிப் போற ஜோடி. அப்படி ஒரு நிம்மதி.

கரிமுகன் வந்து, "தம்பி, ஒரு கொப்பரையைக் கொஞ்ச நேரம் பிடிக்கணும், வர்றியா?"ன்னான். பாவி மனுஷன், என்ன ஏதுன்னு கேக்காம கூடப் போயிட்டான். ஒரு கையால உத்தரத்தைப் பிடிச்சுத் தொங்கச் சொன்னான். பிடிச்சான். இன்னொரு கையில கொப்பரையோட வளையத்தைக் கொடுத்தான். வாங்கினான். மந்திரவாதி ஊ...ன்னு ஒரு ஊது ஊதினான். உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் கூத்தையன் இரும்பாயிட்டான். வாய் பேசும், கண்ணு பார்க்கும், கை காலை அசைக்கத்தான் பெரும்பாடு.

மறுநாள் அங்காயி தூக்குச்சட்டியில கஞ்சியோட மலை ஏறி வந்து பார்த்தா, புருஷன் செக்கச்செவேல்னு தணலாட்டம் தொங்கிக்கிட்டிருக்கான். கஞ்சியைக் கீழ வச்சிட்டு அப்படியே உக்காந்துட்டா.

"என்னங்க இது?"

"பிடிச்சிட்டுதான் இருக்கேன் அங்காயி. நீ வீட்டுக்குப் போ."

"வலிக்குதா?"

"வலி இல்ல. அலுப்பாத்தான் இருக்கு. கை கொஞ்சம் கொஞ்சமா நீளுற மாதிரி இருக்கு."

அங்காயி நிமிர்ந்து பார்த்தா. நிசந்தான். உத்தரத்தைப் பிடிச்சிருந்த கை நீண்டு, மணிக்கட்டு மெலிஞ்சு போயிருந்துச்சு. செம்பைக் கம்பியா இழுத்துப் பழகினவளுக்கு அந்த மெலிவு என்னன்னு தெரியாதா? நேரா கரிமுகன் கால்ல போய் விழுந்தா.

கரிமுகனும் பாக்கப் பாவமாத்தான் இருந்தான். நெருப்பை அணைய விடாம காத்துக் காத்துக் கண்ணுக்குக் கீழ பை தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஆனா இரக்கம் மட்டும் இல்ல. "இந்தாம்மா, என் மந்திரம் தீர ஒரே ஒரு வழி. இவன் உடம்பு தான் தூக்கின பாரத்தையெல்லாம் மறக்கணும். மறந்தா மனுஷன். மூணு தடவை முயற்சி பண்ணிக்கோ. கொப்பரை மட்டும் விழக் கூடாது. மூணுலயும் தோத்துட்டா, இவன் அறுந்து போனதும் அடுத்தது நீ தொங்கணும். இரும்பு எங்க மறக்கப் போகுது?"ன்னு சொல்லிட்டுத் திரும்பி உக்காந்துக்கிட்டான்.

அங்காயிக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. ஏன்னா செம்பு மறக்கும்னு அவளுக்குத் தெரியும். செம்பைத் தட்டத் தட்ட அது முரண்டு பிடிக்கும். வாங்கின ஒவ்வொரு அடியையும் உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு விறைச்சுக்கும். இன்னொரு அடி கூட விழுந்தா விரிசல் விட்டுரும். அப்ப அதை உலையில போட்டுச் சிவக்கக் காய்ச்சினா, வாங்கின அடியெல்லாம் மறந்து பழையபடி குழைஞ்சிரும். அப்புறம் மறுபடி தட்டலாம். கன்னார் வீட்டுல நாள் முழுக்க நடக்கிற வேலை இதுதான்.

"நெருப்பு பத்தல, அதான் மறக்கல"ன்னு நினைச்சா. வீட்டுக்கு ஓடிப் போய்த் துருத்தியைத் தூக்கிட்டு வந்தா. ஊதுனா ஊதுனா, அப்படி ஊதுனா. கூத்தையன் சிவப்புல இருந்து மஞ்சளானான். "இப்ப மறக்குதா?"ன்னு கேட்டா. "மறக்கிற மாதிரி ஆரம்பிக்குது, அதுக்குள்ள கொப்பரை இழுக்குது"ன்னான். சொல்லும்போதே கை சரசரன்னு ஒரு சாண் நீண்டுச்சு. மணிக்கட்டு பாதியா மெலிஞ்சுச்சு. அடிப்பாவி, நானே கொன்னுருவேன் போலிருக்கேன்னு துருத்தியை வீசிட்டா.

வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சா. கண்ணு மூடின மறுநிமிஷமே தலையில மூட்டையை ஏத்தினா அது என்ன தூக்கம்? நெருப்பு அவனை மறக்கடிக்கத்தான் பார்க்குது. பாரம் விட்டாத்தானே. முதல்ல பாரத்தை இறக்கணும்.

ராஜாகிட்டப் போனா. அரண்மனை யானைச் சங்கிலியைக் கேட்டா. ராஜா கண்ணு ரெண்டும் கோவைப்பழமாச் சிவந்து கிடந்துச்சு. அந்தக் கொப்பரை வெளிச்சம் பட்டு ஊர்ல ராத்திரின்னு ஒண்ணே இல்லாமப் போச்சு. கோழிக்கு எப்ப கூவுறதுன்னு தெரியல, பிள்ளைங்களுக்கு எப்ப தூங்குறதுன்னு தெரியல. ஜனங்க கூடுதலா வேலை பார்த்தாங்களான்னு கேக்குறீங்களா? நெசவாளி தறியிலயே விழுந்தான், குயவன் மண்ணுலயே விழுந்தான். இது எதையும் ஒத்துக்க ராஜாவுக்கு மனசு வரல. ஆனா சங்கிலியைக் கொடுத்தான்.

ரெண்டாவது தடவை. கூத்தையனோட கூடச் சுமை தூக்குறவங்க எல்லாம் சேர்ந்து யானைச் சங்கிலியைக் கொப்பரைக்கு மாட்டினாங்க. பாரம் சங்கிலிக்குப் போனதும், நீளமான குறடால கூத்தையனை இழுத்து வெளிய போட்டாங்க. தகதகன்னு கிடந்தான். அங்காயி என்ன பண்ணினா தெரியுமா? அடி ஆத்தி, அதை நினைச்சா எனக்கு இன்னைக்கும் பதறுது. ஒரு குடம் தண்ணியை எடுத்து அவன் மேல ஊத்திட்டா.

அவளைத் திட்டாதீங்க. செம்பைக் காய்ச்சித் தண்ணியில முக்கினா ஒண்ணும் ஆகாது, குழைவாத்தான் இருக்கும். பிறந்ததுல இருந்து அப்படித்தான் பண்ணியிருக்கா. கன்னார் வீட்டுக் கை, யோசிக்காம செஞ்சிருச்சு. ஆனா இது எஃகாட்டம் இரும்பு. இதைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டுன்னு குளிர வச்சா மறக்கிறதாவது ஒண்ணாவது. கல்லாட்டம் இறுகி, கண்ணாடி மாதிரி நொறுங்கத் தயாரா நிக்கும். சுர்ருன்னு ஆவி எழும்புச்சு. கூத்தையன் கறுத்து, வாய் அடைச்சு, கண்ணு ரெண்டும் நிலை குத்திப் போச்சு. டிங்குனு ஒரு சத்தம். இடது சுண்டுவிரல் ஒடிஞ்சு தெறிச்சு, குழி ஓரத்துல குவிஞ்சிருந்த தணலுக்கும் சாம்பலுக்கும் நடுவுல உருண்டு போயிருச்சு.

அதே நேரம் யானைச் சங்கிலி முனக ஆரம்பிச்சுச்சு. கூத்தையன் மெதுவா எழுந்தான். வாய் பேசல. விறைச்ச காலை இழுத்து இழுத்து நடந்து போய், உத்தரத்துல தொங்கி, கொப்பரை வளையத்தை வாங்கிக்கிட்டான். அந்தச் சங்கிலி கழண்டு விழுந்துச்சு. நெருப்பு பட்டுச் சிவந்த பிறகுதான் அவனுக்கு வாய் திறந்துச்சு.

"பிடிச்சிட்டுதான் இருக்கேன். நீ வீட்டுக்குப் போ."

அங்காயிக்கு அழக்கூடத் தெம்பு இல்ல. போனா. படுத்தா. தூக்கம் வரல. யாருக்குத்தான் வந்துச்சு அந்த ஊர்ல?

ரெண்டு மூணு நாள் கழிச்சு அவளுக்கு அந்த விரல் ஞாபகம் வந்துச்சு. கட்டினவன் முழுசா கிடைக்கப் போறதில்ல, விரலாவது வீட்டுல இருக்கட்டும்னு ஒரு நினைப்பு. போய்ச் சாம்பல் குவியலைக் கிளறினா. மேல சாம்பல் ஆறிப்போச்சு, அடியில இன்னும் கதகதன்னு இருந்துச்சு. கை விட்டுத் துழாவினா ஏதோ மெத்துன்னு தட்டுப்பட்டுச்சு. எடுத்துப் பார்த்தா சுண்டுவிரல். இரும்பு இல்லீங்க. நகமும் தோலுமா, சூடா, உசுரோட இருக்கிற மனுஷ விரல். உள்ளங்கையில வச்சதும் லேசா மடங்குச்சு.

அங்காயி அதைக் கன்னத்துல வச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அழுது முடிச்சப்புறம்தான் புத்தி வேலை செஞ்சுச்சு. இந்த விரல் மேல பாரம் இல்ல. தணல்ல கிடந்து மறுபடி சிவந்திருக்கு. சாம்பல் மூடி, யாரும் தொடாம, அவசரப்படுத்தாம, மெல்ல மெல்ல ஆறியிருக்கு. அவ்வளவுதான் அதுக்கு வேண்டியிருந்துச்சு.

சரி, கூத்தையனையும் அப்படி ஆற விடணும். அத்தனை நேரம் கொப்பரையை யார் பிடிக்கிறது? யானைச் சங்கிலியே நிக்கலையே. நிக்கிற பொருளா தேடித் தேடித்தானே எல்லாரும் கெட்டோம்னு யோசிச்சா. ஏன் கொப்பரை தொங்கியே ஆகணும்? கீழ உக்கார வச்சுட்டா? விழுந்தாத்தானே தெறிக்கும். மெல்ல இறங்கினா?

வீடு வீடாப் போனா. "செம்பு வேணும். குடம், சொம்பு, அண்டா, எது இருந்தாலும்." பக்கத்து வீட்டுப் பூரணத்தம்மா கதவைப் பிடிச்சுக்கிட்டே நின்னா, நிக்க முடியல. "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ தாயி. தண்ணி குடிக்க மண்பானை போதும். எம்பேரன் கண்ணை மூடினாப் போதும்"னா. எல்லா வீட்டுலயும் அதே பேச்சுதான். குவிஞ்ச செம்பை உருக்கி, தட்டி, காய்ச்சி, தட்டி, காய்ச்சி, தொடை கனத்துக்கு ஒரு சங்கிலி பண்ணினா. கை ரெண்டும் கொப்புளம்.

மூணாவது தடவை. கரிமுகன் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சான்.

"செம்பா? இரும்பே நிக்காத நெருப்புல செம்பா? அல்வா மாதிரி இழுபடும்மா."

"ஆமாங்க ஐயா, இழுபடும்."

"பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு. மாட்டு, மாட்டு. அடுத்தது நீதான்"ன்னு அவன் ஒரு கொட்டாவியோட சாய்ஞ்சு உக்காந்துட்டான்.

சுமைகாரங்க செம்புச் சங்கிலியை மாட்டினாங்க. பாரம் அதுக்கு மாறுச்சு. "விடுங்க"ன்னா அங்காயி. கூத்தையன் விடல.

"விழுந்துரும் அங்காயி."

"விழாதுங்க. விடுங்க."

"கீழ ஊரு இருக்கு."

"ஊரை நாங்க பார்த்துக்கிறோம். இத்தனை பேர் நிக்கிறோம்ல. நீங்க விடுங்க."

"எனக்கு விடத் தெரியல புள்ள."

அங்காயி கிட்டப் போனா. நெருப்பு முகத்துல அடிச்சுது, முடி பொசுங்குச்சு. "ஒவ்வொரு விரலா விடுங்க. நான் இங்கதான் நிக்கிறேன்"ன்னா. ஒரு விரல் திறந்துச்சு. இன்னொரு விரல். அப்புறம் இன்னொண்ணு. கை விட்டுப் போச்சு. கூடப் பொறந்தவனைத் தூக்குற மாதிரி சுமைகாரங்க அவனைக் குறடால வாங்கிச் சாம்பல் மேட்டுல படுக்க வச்சாங்க. அங்காயி மடியில இருந்து சுண்டுவிரலை எடுத்து அதோட இடத்துல வச்சு, கழுத்து வரைக்கும், தலை வரைக்கும், சூட்டுச் சாம்பலை வாரி வாரி மூடினா.

செம்புச் சங்கிலி சிவந்துச்சு. நீள ஆரம்பிச்சுச்சு. ஆனா தட்டித் தட்டிக் காய்ச்சின செம்பு, முரண்டு எதுவும் மிச்சமில்லாத செம்பு. பட்டுன்னு போகல. பசுமாடு படுக்கிற மாதிரி, கொப்பரை நிதானமா இறங்குச்சு. ஒரு சாண். ஒரு முழம். ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு சொட்டு சிந்தல. கடைசியில கொப்பரை போய்க் குழி வாய்மேலயே உக்காந்து, மூடி போட்ட மாதிரி அடைச்சுக்கிச்சு. காத்து போகாத நெருப்பு எத்தனை நேரம் எரியும்?

கரிமுகன் துள்ளி எழுந்தான். "தூக்குங்க, தூக்குங்க"ன்னு கத்தினான். மந்திரம் சொல்லப் பார்த்தான், பாதியில மறந்து போச்சு. குழிக்குள்ள நெருப்பு சுருங்கச் சுருங்க இவனும் சுருங்கினான். "சாம்பல்ல கிடக்கிறவன் மேல தண்ணி ஊத்துங்க"ன்னு ஒரு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தான். அங்காயி கையை விரிச்சு மறிச்சு நின்னா. "அவரை யாரும் தொடக் கூடாது. அவரா ஆறட்டும்"னா. கரிமுகன் அவளைப் பார்த்தான், குடத்தைப் பார்த்தான். எந்தக் காலத்துலயோ வந்திருக்க வேண்டிய தூக்கம் அவனுக்கு அப்ப வந்துச்சு. குடத்தைக் கீழ வச்சிட்டு அணைஞ்ச குழி ஓரமாச் சுருண்டு படுத்தான். கொஞ்ச நேரத்துல அங்க ஒரு கூடைக் கரி மட்டும் கிடந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அனலூருக்கு இருட்டு வந்துச்சு. நல்ல இருட்டு, நட்சத்திரத்தோட. ஜனங்க வீட்டுக்குக்கூடப் போகல. பாறையிலயே, சரிவிலயே, நின்ன இடத்துலயே சாய்ஞ்சு தூங்கிட்டாங்க. பிள்ளைங்க அம்மா மேல, அம்மாங்க யார் மேலயோ. அங்காயி மட்டும் சாம்பல் மேட்டுப் பக்கத்துல முழிச்சிருந்தா. திறந்து பார்க்க ஆசை அரிச்சுது. ஆனா கை வைக்கல. விடிஞ்சுது. சாம்பல் ஆறிக்கிட்டே இருந்துச்சு. இன்னும் கை வைக்கல.

அப்புறம் சாம்பல் தானா அசைஞ்சுது. ஒரு தும்மல். வெள்ளை வெளேர்னு ஒரு மூஞ்சி எழும்புச்சு. இரும்பு இல்ல, மனுஷன். வயிறு பசிக்கிற, கண்ணு எரியிற, அசல் கூத்தையன். சுண்டுவிரல் கொஞ்சம் கோணலா ஒட்டிக்கிச்சு. நீண்ட கை நீண்டதுதான். நெருப்பும் ஓய்வும் சேர்ந்து அலுப்பை மறக்க வைக்கும், நீண்டதைக் குறைக்காது. அந்த ஒரு கை முழங்காலைத் தாண்டித் தொங்கிக்கிட்டிருந்துச்சு. அவன் அந்தக் கையாலயே அங்காயி தோளைச் சுத்தி வளைச்சுப் பிடிச்சு, அப்படியே அவ மடியில தலையை வச்சுத் தூங்கிட்டான்.

நல்லாத் தூங்கி எழுந்த ராஜா மகிபாலன் பரிவாரத்தோட வந்தான். மூஞ்சில ஒரு தெளிவு. "அங்காயி, நான் பண்ணினது தப்பு. இனிமே இந்த ராஜ்ஜியத்துல இருட்டினதும் யாரையும் வேலை வாங்க மாட்டேன். இது ராஜாவோட வாக்கு. மேல்கொண்டு என்ன வேணும், கேளு. அரண்மனையா, பல்லக்கா? உன் புருஷனை எழுப்பு, அவன் கையிலயே கொடுக்கிறேன்"னான்.

"எழுப்ப மாட்டேன் மகாராஜா. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

ராஜா வாயைப் பொத்திக்கிட்டான். பரிவாரமும் வாயைப் பொத்திக்கிச்சு. கொடுக்க வந்ததையெல்லாம் சத்தமில்லாம வச்சிட்டுக் கால் விரல்ல நடந்து போனாங்க. அப்படியும் கூத்தையனுக்குப் பாதி முழிப்பு தட்டிருச்சு. கண்ணைத் திறக்காமலே அந்த நீண்ட கையைத் தரையில துழாவினான்.

"ஏதாச்சும் தூக்கணுமா அங்காயி?"

"ஒண்ணும் இல்லீங்க. தூங்குங்க."

தூங்கினான். அவளும் தூங்கினா. ஊரு நல்லா இருந்துச்சு, நாமளும் நல்லா இருப்போம். போங்க, எல்லாரும் போய்ப் படுங்க.